அட்டையைப் பார்த்து மாத்திரை போலி என்று சொல்லிவிட முடியுமா?

தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், கடை, பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 68 வயது. பல வருடங்களாக ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருக்கின்றன. காலையில் டெல்மிசார்ட்டான் 40, இரண்டு வேளை மெட்ஃபார்மின். வழக்கமாக வாங்கும் கடையை விட்டுவிட்டு, இந்த முறை தம்பி டவுனில் 25 சதவீதம் தள்ளுபடி தரும் ஒரு கடையில் மூன்று மாதத்துக்கான பி.பி. மாத்திரையை மொத்தமாக வாங்கி வந்திருக்கிறார். பில் வாங்கவில்லை. அட்டையின் பின்பக்க எழுத்து மங்கலாக இருந்ததாம், கியூஆர் கோடும் இல்லையாம். ஞாயிற்றுக்கிழமையே வாரம் முழுக்கத் தேவையான மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஏழு அறை உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைப்பது அந்த வீட்டு வழக்கம். அப்படி வைத்த மாத்திரை ஒன்று கையில் எடுத்ததும் உதிர்ந்துவிட்டது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் அழுத்தம் 170/100.

“போலி மாத்திரை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன், ஐந்து நாள் ஆகிறது” என்கிறார். ஜெனரிக் எல்லாமே டூப்ளிகேட்தான் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால் மக்கள் மருந்தகத்தில் வாங்கிய மெட்ஃபார்மினும் குப்பைக்குப் போய்விட்டது. கடையின் பெயரோடு அட்டையின் படத்தை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்கிறார் இவர், வேண்டாம் என்கிறார் தம்பி. சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன் இனி அங்கிருந்தே மாத்திரை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். கேஸ் போட முடியுமா, இனி எந்த மாத்திரையைத்தான் நம்புவது என்று கேட்டு முடித்திருக்கிறார். போகிறபோக்கில் கடைசியில் ஒரு வரி: அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமாகி, ஒரு மாதமாக வலி மாத்திரையும் போடுகிறார்களாம்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அம்மாவைப் பார்ப்போம்

கடை, கேஸ், வாட்ஸ்அப் எல்லாம் அப்புறம். உங்கள் அம்மா ஐந்து நாளாக பி.பி. மாத்திரையும் இல்லாமல் சர்க்கரை மாத்திரையும் இல்லாமல் இருக்கிறார். கடிதத்தில் எனக்குக் கவலை தந்த விஷயம் இதுதான். நீங்கள் சந்தேகப்படும் மாத்திரை போலியாகவே இருந்தாலும், அதற்குப் பதில் வேறு கடையில் அதே மருந்தை வாங்கிக் கொடுப்பதுதான் சரி. வெறுமனே நிறுத்துவது, அந்தப் போலி மாத்திரை செய்யக்கூடிய கெடுதலை நாமே செய்வது போலத்தான்.

இன்றே அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இன்று முடியாவிட்டால், பழைய சீட்டைக் காட்டி நீங்கள் நம்பும் கடையில் அதே இரண்டு மருந்துகளையும் பில்லோடு வாங்கி, வழக்கமான அளவில் தொடங்குங்கள். விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து இரண்டு மடங்காகக் கொடுக்க வேண்டாம். சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 170/100 என்பது அதிகம்தான், ஆனால் வேறு தொந்தரவு எதுவும் இல்லாவிட்டால் பதறி ஓட வேண்டிய அளவு இல்லை. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், கடுமையான தலைவலியோடு பார்வை மங்கல் என்று ஏதாவது ஒன்று வந்தால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாத்திரை ஏன் உதிர்ந்தது?

டெல்மிசார்ட்டானுக்கு ஒரு குணம் உண்டு, அது ஈரத்தை வேகமாக இழுக்கும். மழைக்காலத்தில் டப்பாவுக்கு வெளியே வைத்த அப்பளம் மாதிரிதான். அதனால்தான் பல நிறுவனங்கள் அதை இரண்டு பக்கமும் அலுமினியம் உள்ள அட்டையில் அடைக்கின்றன. விழுங்கப் போகும் நேரத்தில்தான் அட்டையிலிருந்து எடுக்க வேண்டும் என்பது இந்த மருந்துக்கான அறிவுரை. நீங்களோ ஞாயிற்றுக்கிழமையே ஏழையும் பிரித்து வைக்கிறீர்கள். உங்கள் ஊர்ச் சாரல் காற்றில் நல்ல மாத்திரையே புதன், வியாழனில் நமுத்து உதிர்ந்துபோகலாம்.

ஆகவே உதிர்ந்தது போலிக்கு அடையாளம் இல்லை. டப்பா பழக்கம் மற்ற பல மாத்திரைகளுக்கு நல்லதுதான், மறதிக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. இதற்கு மட்டும், அட்டையைப் பிரிக்காமல் கத்தரிக்கோலால் மாத்திரை மாத்திரையாக வெட்டி அறையில் போடுங்கள். காலாவதி தேதி அச்சிட்ட முனையைக் கடைசியாக வெட்டுங்கள்.

கியூஆர் கோடு விஷயமும் இப்படித்தான். 2023 ஆகஸ்ட் 1 முதல் அது கட்டாயம் என்பது உண்மை, ஆனால் பட்டியலில் உள்ள 300 பிராண்டுகளுக்கு மட்டும்தான் கட்டாயம். அட்டையில் இடம் இல்லாவிட்டால் வெளிப் பெட்டியில் அச்சிட்டாலும் போதும். சில்லறையில் வாங்கும் நமக்கு அந்தப் பெட்டி கைக்கு வருவதே இல்லை. இன்னொன்று: கோடு இருப்பதும் முழு உத்தரவாதம் ஆகாது, அச்சிட்ட படத்தை யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம். தென்கிழக்கு ஆசியாவில் மலேரியாவுக்கான ஆர்ட்டிசுனேட் மாத்திரையில் இதுதான் நடந்தது. அசல் நிறுவனம் ஹாலோகிராம் ஒட்டியது. போலிக்காரர்கள் ஹாலோகிராமையும் செய்தார்கள், ஒன்றல்ல, பத்துக்கும் மேற்பட்ட வகைகளில். 2000-2001-ல் அந்தப் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த அட்டைகளில் 38 சதவீதத்தில் மருந்தே இல்லை. கடைசியில் துப்பு கிடைத்தது அட்டையிலிருந்து மட்டும் இல்லை. மாத்திரைக்குள் சிக்கியிருந்த மகரந்தத் தூளும் கனிமத் துகளும்தான் தென் சீனப் பகுதியைக் காட்டிக்கொடுத்தன. ஆய்வுக்கூடம் அந்த அளவுக்குப் போக வேண்டியிருந்த இடத்தில், நம் கண்ணும் கைபேசியும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது.

அப்படியானால் அழுத்தம் ஏன் ஏறியது? கடைசி வரியில் நீங்கள் எழுதிய வலி மாத்திரைதான் என் முதல் சந்தேகம். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை ஏற்றும், டெல்மிசார்ட்டானின் வேலையையும் மட்டுப்படுத்தும். இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் நல்லதில்லை. அம்மாவின் வயதும் சர்க்கரையும் சேர்ந்தால் கிரியாட்டினின் பரிசோதனை அவசியம். அந்த வலி மாத்திரையின் அட்டையை மறக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஊறுகாய், கருவாடு, மூக்கடைப்பு மாத்திரை, பி.பி. பார்க்கும்போது கையில் சுற்றும் பட்டை அளவு சரியில்லாதது என்று இன்னும் பல காரணங்கள் உண்டு. மாத்திரை போலியாக இருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் கையில் இருக்கும் ஆதாரங்களில் அதை நிரூபிக்கும் ஆதாரம் எதுவும் இல்லை.

பத்தில் ஒன்று போலியா?

பத்து மருந்தில் ஒன்று போலி என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னதாக வந்த வாட்ஸ்அப் தகவலையும் அனுப்பியிருக்கிறீர்கள். அது அரை உண்மை. 2017-ல் அந்த நிறுவனம் சொன்னது குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைப் பற்றி. அதிலும் போலியையும் தரம் குறைந்ததையும் சேர்த்து, சோதித்த மருந்துகளில் சுமார் பத்தில் ஒன்று தேறவில்லை என்றது.

இந்த இரண்டும் வேறு வேறு. வேறு ஒருவர் பெயரில் ஏமாற்றிச் செய்வது போலி. உரிமம் உள்ள தொழிற்சாலையிலேயே தயாராகி, அளவு குறைந்தோ சரியாகக் கரையாமலோ விஷப்பொருள் கலந்தோ போவது தரமற்றது. இந்தியாவில் 2014-16-ல் நடந்த தேசிய மருந்து ஆய்வில் 47,012 மாதிரிகளைச் சோதித்தார்கள். தரம் குறைந்தவை 3.16 சதவீதம். போலி 0.0245 சதவீதம், அதாவது பதினாயிரத்துக்கு இரண்டு மூன்று.

சதவீதம் சின்னதாக இருப்பதால் நிம்மதியாகத் தூங்கலாம் என்றும் நான் சொல்ல மாட்டேன். காம்பியாவில் 2022-ல் சுமார் 70 குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த வழக்கில் சந்தேகத்துக்கு உள்ளான சிரப்புகள் நம் நாட்டில் தயாரானவை, சோதனையில் அவற்றில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷப்பொருள் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. 2025 அக்டோபரில் அது நம் வீட்டு வாசலுக்கே வந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தில் அதே விஷம் 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை கண்டுபிடித்தது. அனுமதிக்கப்படும் அளவு 0.1 சதவீதம். மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாராவிலும் சுற்றுப்புறத்திலும் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் போய்விட்டார்கள். அந்தப் பாட்டிலின் லேபிளில் எழுத்துப் பிழை தேடியிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது, லேபிள் அசல்தான். எனக்கு இந்த விஷயத்தில் கோபம் வருவது கடைக்காரர் மீது இல்லை. மூலப்பொருளின் ஒவ்வொரு டிரம்மையும் சோதிக்காமல் விட்ட தொழிற்சாலை மீதும், அதைப் போய்ப் பார்க்காமல் விட்ட கண்காணிப்பு மீதும்தான்.

ஜெனரிக் பற்றிப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னது தவறு. அதே மருந்து, விளம்பரச் செலவும் பிராண்டுப் பெயரும் இல்லாமல் வருவதுதான் ஜெனரிக். போலி செய்கிறவர் பெயர் பெற்ற, நன்றாக விற்கும் பிராண்டைத்தான் தேடுவார், இரண்டு ரூபாய் மாத்திரையைக் காப்பியடித்து என்ன கிடைக்கும்? 2024 ஆகஸ்ட் மாதத்துக்கான மத்திய மருந்துத் தரக்கட்டுப்பாட்டு அமைப்பின் பட்டியலில் சில பிரபல பிராண்டுகள் வந்தபோது, அந்த பேட்ச் எங்களுடையதே இல்லை, போலி என்று நிறுவனங்கள் பதில் கொடுத்தன. அதே ஆண்டு மார்ச்சில் டெல்லியில் பிடிபட்ட கும்பல், லட்சக்கணக்கில் விலை போகும் புற்றுநோய் ஊசிகளின் காலிக் குப்பிகளை வாங்கி, பூஞ்சைக்கான மருந்தை நிரப்பி விற்றது.

செலவு பிரச்சினை என்றால் உங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் இலவசமாகத் தருகிறார்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கும் மருந்துகள் பேட்ச் வாரியாகச் சோதனைக்குப் போன பிறகே விநியோகத்துக்கு வருகின்றன. இலவசம் என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

உண்மையைத் தெரிந்துகொள்ள வழி

மீதி அட்டைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கடையில் திருப்பியும் கொடுத்துவிடாதீர்கள். பிரிக்காத அட்டைகள்தான் உங்கள் சாட்சி. ஒரு உறையில் போட்டு, வெயில் படாத ஈரம் இல்லாத இடத்தில் வையுங்கள். இருபக்கமும் படம் எடுத்து, பேட்ச் நம்பர், தயாரிப்புத் தேதி, காலாவதி தேதி, உரிம எண், விலை எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.

அட்டையில் நிறுவனத்தின் தொலைபேசி எண்ணோ மின்னஞ்சலோ இருந்தால் தொடர்புகொண்டு அந்த பேட்ச் அவர்களுடையதா, அச்சிட்ட விலையும் தேதியும் சரியா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் விஷயம் பெரிது. ஆம் என்று வந்தால் மட்டும் சந்தேகம் முழுதாகத் தீராது, ஏனென்றால் போலிக்காரர்கள் அசல் பேட்ச் நம்பரையே அச்சிடுவதும் உண்டு. மாதிரி அனுப்பச் சொன்னால் எல்லா அட்டைகளையும் அனுப்பிவிடாதீர்கள். மத்திய அமைப்பு மாதந்தோறும் வெளியிடும் தரமற்ற மருந்துப் பட்டியலிலும் அந்த பேட்ச் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அவர் கடைக்குப் போய், அதே பேட்ச் இருப்பில் இருந்தால் முறைப்படி மாதிரி எடுப்பார். வழக்குக்கு வலு தருவது அந்த மாதிரிதான். கடைக்காரர் அந்தச் சரக்கை யாரிடம் வாங்கினார் என்பதை ஆய்வாளரிடம் சொல்லியே ஆக வேண்டும், அது சட்டம். அந்தச் சங்கிலியைப் பிடித்துப் போனால்தான் செய்தவன் அகப்படுவான்.

பலருக்குத் தெரியாத ஒன்று: 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, மருந்து வாங்கிய யாரும் கட்டணம் செலுத்தி, அரசுப் பகுப்பாய்வாளரிடம் அதைச் சோதனைக்குக் கொடுத்து, அவர் கையெழுத்திட்ட அறிக்கையைப் பெறலாம். இதற்கு நீங்கள் வழக்கறிஞரைத் தேட வேண்டியதில்லை, விண்ணப்ப முறையை அந்த ஆய்வாளர் அலுவலகத்திலேயே கேட்கலாம்.

போலி என்று நிரூபணமானால் தண்டனை கடுமையானது. போலி மருந்தால் உயிரோ உடலோ பெரிதாகப் பாதிக்கப்பட்டால் குறைந்தது 10 ஆண்டு, ஆயுள் வரை போகலாம். அப்படி இல்லாவிட்டாலும் குறைந்தது 7 ஆண்டு. ஆனால் உரிமம் உள்ள மொத்த வியாபாரியிடம் வாங்கி, நியாயமான கவனத்தோடு பார்த்தும் போலி என்று தெரிந்துகொள்ள வழியில்லாமல் விற்ற கடைக்காரருக்கு அதே சட்டம் பாதுகாப்பும் தருகிறது.

இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அங்கேதான் பில் இல்லாதது இடிக்கும். தம்பி கைபேசியில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவை எடுத்து வையுங்கள், ஓரளவு உதவும். இருந்தாலும் உண்மையைச் சொல்கிறேன்: ஆய்வறிக்கை இல்லாமல் இன்றைய நிலையில் கேஸ் நிற்காது.

வாட்ஸ்அப்பில் போடலாமா?

இந்த விஷயத்தில் நான் தம்பி பக்கம். அறிக்கை வருவதற்கு முன் கடையின் பெயரைப் போட்டால் அவதூறு வழக்குக்கு நீங்களே வழி திறந்து விடுகிறீர்கள். உண்மையைத்தான் சொன்னேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். அதைவிடப் பெரிய ஆபத்து இரண்டு. கடைக்காரர் உண்மையிலேயே தவறு செய்திருந்தால், ஆய்வாளர் வருவதற்குள் அந்தச் சரக்கு மாயமாகிவிடும். தவறு செய்யவில்லை என்றால், உங்கள் பதிவைப் படித்த நாற்பது வீட்டில் நாலு பேர் உங்களைப் போலவே பி.பி. மாத்திரையை நிறுத்துவார்கள்.

தள்ளுபடி பற்றியும் ஒரு வார்த்தை. டெல்மிசார்ட்டான் விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. அப்படிப்பட்ட மருந்துகளில் சில்லறைக் கடைக்கான லாபத்தை 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு உத்தரவு 16 சதவீதமாகக் கணக்கிடுகிறது. 25 சதவீதம் தருகிறார் என்றால் எப்படி என்று கேட்பது நியாயமே. பத்துப் பெட்டிக்கு ஒன்று இலவசம் என்பது போன்ற சலுகைகளால் அது சாத்தியமாகவும் இருக்கலாம். எனக்குத் தள்ளுபடியைவிடப் பில் இல்லாததுதான் உறுத்துகிறது. பேட்ச் நம்பரோடு பில் கொடுக்கிற கடைக்காரர் தன் சரக்குக்குத் தானே பொறுப்பேற்கிறார். பில் வேண்டுமென்றால் விலை கூடும் என்று சொல்கிற கடையில் பி.பி. மாத்திரை மட்டும் இல்லை, இருமல் மிட்டாய்கூட வாங்காதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து வரவழைக்கலாமா?

தேவையில்லை. உலகில் விற்கும் ஜெனரிக் மருந்துகளில் அளவின்படி சுமார் ஐந்தில் ஒரு பங்கு இந்தியாவில் தயாராவது. சித்தப்பா மகன் அங்கே வாங்குவதும் இங்கிருந்து போனதாக இருக்கலாம். சிங்கப்பூரின் கண்காணிப்பு கடுமையானது என்பது உண்மைதான். ஆனால் தபாலில் தாமதமானால் அம்மாவுக்கு மாத்திரை இல்லாத நாட்கள் மறுபடியும் வரும். மருத்துவர் அளவை மாற்றினால் மூன்று மாதச் சரக்கு வீணாகும். ஏதாவது கோளாறு என்றால் இங்கே யாரிடமும் புகார் கொடுக்க முடியாது.

வெளிநாடு என்றாலே பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2012-ல் அவாஸ்டின் என்ற புற்றுநோய் ஊசியின் போலிக் குப்பிகள் கிளினிக்குகள் வரை போய்ச் சேர்ந்திருந்தன, உள்ளே அந்த மருந்தே இல்லை. உடல் எடைக்காகப் பலர் தேடும் செமாகுளூட்டைட் ஊசியின் போலிகள் 2023-ல் பிரிட்டனிலும் பிரேசிலிலும் அமெரிக்காவிலும் அகப்பட்டன. இணையத்தில் தெரியாத இடங்களில் அதை வாங்குகிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள், உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் தடுத்து நிறுத்துங்கள்.

எந்த மாத்திரையை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். ஒரே கடையில், பில்லோடு, ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்கி, வாரம் ஒருமுறை அழுத்தத்தைப் பார்த்துக் குறித்து வையுங்கள். புது மாத்திரை தொடங்கி, வலி மாத்திரையை மருத்துவர் மாற்றிக் கொடுத்த பிறகு, நான்கு வாரக் குறிப்பைப் பாருங்கள். அழுத்தம் அப்போதும் இறங்கவில்லை என்றால் காரணம் பழைய அட்டையில் இல்லை, அளவையோ மருந்தையோ மாற்ற வேண்டியிருக்கும். இறங்கிவிட்டால், குறை பழைய மாத்திரையிலா வலி மாத்திரையிலா என்பதை ஆய்வறிக்கைதான் சொல்லும். அது வரும்வரை அந்த அட்டைகள் உறையிலேயே இருக்கட்டும். உறையின் மேல் “சாப்பிட வேண்டாம்” என்று பெரிதாக எழுதி வையுங்கள், வீட்டில் வயதானவர் இருக்கிறார்.